வேலி அறியாத ஈ

மாம்பழக் காலத்தில் உங்கள் இல்லத்திலும் இது நடந்திருக்கும். கடைத்தெருவில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, முகர்ந்து பார்த்து, விலை பேசி, இரண்டு கிலோ பழம் வாங்கி வருகிறீர்கள். மேல்தோல் பொன்னிறமாக மின்னுகிறது. எங்கும் ஒரு கீறல் இல்லை. பகலுணவு முடிந்ததும் பிள்ளைகள் சுற்றி அமர, கத்தியை எடுத்து முதல் துண்டை அறுக்கிறீர்கள். உள்ளே சதை கூழாகிக் கிடக்கிறது. அதில் வெண்ணிறப் புழுக்கள் நெளிகின்றன. "உம்மா, புழு!" என்று சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாள். பழக்கடைக்காரரை நொந்தவாறே அப்பழத்தைக் கொல்லைப்புறத்தில் வீசி எறிகிறீர்கள். விஷயம் அத்துடன் முடிந்தது என்று எண்ணிக் கையைக் கழுவிக்கொள்கிறீர்கள்.

ஆனால், விஷயம் முடியவில்லை. நீங்கள் வீசிய பழத்திலிருந்த புழுக்கள் அன்றிரவே மண்ணுக்குள் இறங்கிவிடும். இரண்டு வாரத்திற்குள் சிறகு முளைத்து வெளிவந்து, உங்கள் வீட்டுக் கொய்யாவையும் அடுத்த வீட்டுப் பாகற்கொடியையும் தேடிப் பறக்கும். பழக்கடைக்காரர் மீதும் குற்றமில்லை. புழு கடையில் புகுந்ததன்று; காய் மரத்தில் தொங்கும்போதே முட்டையாக உள்ளே வைக்கப்பட்டது. அதை வைத்தவள் யார்? அவளை வெல்ல உலகின் அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக நடத்தி வரும் ஆராய்ச்சி நமக்குக் கற்றுத் தரும் பாடம் என்ன? இவற்றையே இம்மாதம் நாம் காணப்போகிறோம்.

இருவேறு ஈக்கள்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். அடுக்களையில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சின்னஞ்சிறு ஈயைக் கண்டதும், "இதுதான் மாம்பழத்தில் புழு வைக்கும் ஈ" என்று பலரும் நினைக்கின்றனர். அது டிரோசோபிலா என்னும் ஈ; வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பழம் அளவுக்கு மீறிக் கனிந்து புளிக்கத் தொடங்கும்போது எழும் வாசனையை நாடி வருவது அது. நல்ல பழத்தைத் துளைக்கும் ஆற்றல், ஓரிரு இனங்கள் நீங்கலாக, அதற்குக் கிடையாது. அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேருகின்றன என்பதை இந்தச் சிற்றீயைப் புட்டிகளில் வளர்த்தே ஆராய்ந்தார். அதற்காக 1933-ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். ஆகவே இந்த ஈயைப் பழிக்க வேண்டாம். இக்கட்டுரையின் நடுவில் அதுவே நமக்குத் துணைக்கு வரும்.

உழவரை வாட்டும் பழ ஈ டெஃப்ரிடிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகெங்கும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்யும் சில பத்து இனங்களே போதும், தோட்டங்களைப் பாழாக்குவதற்கு. நம் பகுதியில் மாம்பழத்தையும் கொய்யாவையும் தாக்குவதில் முதலிடம் வகிப்பது கீழ்த்திசைப் பழ ஈ எனப்படும் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். அளவில் வீட்டு ஈயைப் போன்றது. தோற்றத்தில் சிறு குளவியை நினைவூட்டும். கண்ணாடி போன்ற சிறகுகளும், முதுகில் மஞ்சள் பட்டைகளும் உண்டு. இதன் உறவினமான இன்னோர் ஈ பாகல், புடல், பீர்க்கு, சுரை போன்ற கொடிக் காய்களைத் துளைக்கிறது. அதனை இக்கட்டுரையில் 'பாகல் ஈ' என்று அழைப்போம்.

நான்கு பருவம், மூன்று மறைவிடம்

பெண் ஈயின் உடலின் பின்முனையில் ஊசி போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. முற்றிவரும் காயின் மேல் அமர்ந்து, அந்த ஊசியைத் தோலுக்குள் செலுத்தி, அடியிலே முட்டைகளை வைத்துவிட்டுப் பறந்துவிடும். வெளியே தெரிவது ஊசி முனையளவு புள்ளி மாத்திரமே. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து புழு வெளிவரும். ஊசி சென்ற வழியே நுண்கிருமிகளும் புகுந்து சதையை அழுகச் செய்கின்றன. அந்த அழுகலைத் தின்று, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை புழு வளரும். அதற்குள் பழம் பெரும்பாலும் தரையில் விழுந்துவிடும். வளர்ந்த புழு வில்லைப்போல் தன்னை வளைத்து, தெறித்து வெளியே குதித்து, ஓரிரு அங்குல ஆழத்தில் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். அங்கே பழுப்பு நிறத் தானியமணி போன்ற கூட்டுப்புழுவாகிச் சுமார் பத்து நாள் உறங்கும். பின்னர் ஈயாக மண்ணைப் பிளந்து வெளிவரும். வெப்பம் மிகுந்த நாட்டில் இந்தச் சுற்று முழுதும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட வல்லது.

இப்போது சற்று எண்ணிப் பாருங்கள். முட்டை தோலுக்கடியில் இருக்கிறது. புழு சதைக்குள் இருக்கிறது. கூட்டுப்புழு மண்ணுக்கடியில் இருக்கிறது. நான்கு பருவங்களுள் மூன்று, மருந்துத் தெளிப்பானுக்கு எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கின்றன. நான்காம் பருவமாகிய ஈயோ சிறகுள்ளது. தெளிக்கும்போது பறந்துவிட்டு, நஞ்சின் வீரியம் குறைந்ததும் திரும்பி வரும். பயந்துபோன உழவர் மறுபடியும் மறுபடியும் தெளிக்கிறார். புழு சாகாமல் இருக்கிறது. நஞ்சு மாத்திரம் பழத்தின் மேல் தங்கி, அதைக் கடிக்கும் குழந்தையின் வாய்க்கு வருகிறது. கூடவே, மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீயும், பழ ஈயின் இயற்கைப் பகையான சிறு குளவியும் மடிகின்றன. செலவும் கடனும் உழவர் தலையில்.

இத்தகைய பகைவனை வலிமையால் வெல்ல இயலாது. அவனுடைய வாழ்க்கையை அறிந்து, அதில் பலவீனமான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அறிஞர்கள் கண்ட முதல் பலவீனத்தின் வரலாறு நம் இந்திய மண்ணிலேதான் தொடங்குகிறது.

ஒரு கைக்குட்டையின் கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீகாரிலுள்ள பூசா என்ற ஊரில் ஆங்கில அரசின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1934-இல் பீகாரைக் குலுக்கிய பூகம்பத்தில் அந்நிலையம் சேதமுற்று, 1936-இல் டெல்லிக்கு மாற்றப்பட்டது. பூசாவில் பணிபுரிந்தவர் ஃபிராங்க் மில்பர்ன் ஹவ்லட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியல் அறிஞர். கொசுவை விரட்டுவதற்காக ஒருவர் தம் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெயைத் தடவியிருந்தார். கொசு விலகியது, ஆனால், எங்கிருந்தோ பழ ஈக்கள் வந்து அக்கைக்குட்டையை மொய்த்தன. இச்செய்தி ஹவ்லட்டின் காதுக்கு எட்டியது.

வேறொருவராயின் ஈயை உதறிவிட்டுப் போயிருப்பார். ஹவ்லட் அந்த ஈக்களைப் பிடித்து ஆராய்ந்தார். வந்தவை அனைத்தும் ஆண் ஈக்களே! 1912-இல் இதனை அறிவியல் ஏட்டில் வெளியிட்டார். மேலும் ஆராய்ந்து, ஈக்களை இழுப்பது அவ்வெண்ணெயிலுள்ள மெத்தில் யூஜினால் என்ற பொருளே என்று 1915-இல் அறிவித்தார். இப்பொருள் துளசி இலையிலும் இருக்கிறது. வேறு பல செடிகளின் பூக்களிலும் உண்டு.

ஆண் ஈக்கு மட்டும் ஏன் இந்த மோகம்? இதற்கு விடை கிடைக்க வெகு காலம் ஆயிற்று. மலேசியாவின் பினாங்கிலும் ஜப்பானின் கியோட்டோவிலும் பணியாற்றிய அறிஞர்கள் இதனை விளக்கினர். ஆண் ஈ மெத்தில் யூஜினாலை உண்கிறது. உடலுக்குள் அது வேறு வாசனைப் பொருளாக மாறி ஒரு சுரப்பியில் சேமிக்கப்படுகிறது. அந்தி நேரத்தில் அந்த வாசனையைக் காற்றில் பரப்பித் தன் துணையை அழைக்கிறது. இதனை உண்ட ஆணுக்கே துணை எளிதில் அமைகிறது. ஆகவே, உயிரைக் கொடுத்தேனும் அதைத் தேடிப் போகிறது.

அந்த மோகத்தையே வலையாக்கினர் அறிஞர்கள். பசிபிக் பெருங்கடலில் ரோட்டா என்றொரு சிறு தீவு உண்டு. அதன் பரப்பு சுமார் 85 சதுர கிலோமீட்டர். 1960-களின் முற்பகுதியில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மெத்தில் யூஜினாலும் சிறிதளவு நஞ்சும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தீவெங்கும் போட்டனர். ஆண்கள் தேடிவந்து மடிந்தன. துணையற்ற பெண்கள் இட்ட முட்டைகள் பொரிக்கவில்லை. தீவிலிருந்து கீழ்த்திசைப் பழ ஈ அடியோடு மறைந்தது. பழத்தின் மேல் ஒரு துளி நஞ்சும் படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்று நம் மாந்தோப்புகளில் தொங்கும் மஞ்சள் மூடிப் பொறிகள் பூசாவின் கைக்குட்டைக்குப் பேரப்பிள்ளைகளே. ஆயினும், "நான் பொறி வைத்தேன், புழு குறையவில்லையே" என்று குறைப்படும் உழவர்கள் பலர் உண்டு. காரணம் எளிது. ஓர் ஆண் ஈ பல பெண்களோடு சேர வல்லது. பாதி ஆண்களைக் கொன்றாலும் மீதிப் பாதி போதும். ஏறக்குறைய எல்லா ஆண்களையும் அகற்றினால்தான் பலன். ரோட்டாவைச் சுற்றிக் கடல் இருந்தது. உங்கள் தோப்பைச் சுற்றி இருப்பது முள்வேலி. பல கிலோமீட்டர் பறக்க வல்ல ஈக்கு அது ஒரு தடையா? நீங்கள் மாத்திரம் பொறி வைத்தால், அடுத்த தோப்பில் ஏற்கெனவே கருவுற்ற பெண் ஈ உங்கள் பழத்தைத் தேடி வரும். அவளை உங்கள் பொறி இழுக்காது, அவள் பெண்ணல்லவா!

சிற்றீ தந்த உதவி

அறிஞர்கள் கண்ட இரண்டாவது பலவீனத்திற்கு வழிகாட்டியது நம் அடுக்களைச் சிற்றீதான். மார்கனின் மாணவராயிருந்த ஹெர்மன் முல்லர், டிரோசோபிலா ஈக்களின் மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினார். அவற்றின் பரம்பரைக் குணங்கள் மாறுவதையும், அளவு மிகுந்தால் அவை மலடாவதையும் கண்டார். 1927-இல் வெளிவந்த அவரது ஆராய்ச்சிக்கு 1946-இல் நோபல் பரிசு கிட்டியது.

அதே நாட்டில் எட்வர்ட் நிப்ளிங் என்ற வேளாண்துறை அறிஞர் வேறொரு பூச்சியோடு போராடிக்கொண்டிருந்தார். கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு அவற்றை உயிரோடு தின்னும் ஈ அது. அதன் பெண் பொதுவாக ஒரே ஒரு முறைதான் சேருகிறது என்பதை அறிந்த நிப்ளிங், "மலட்டு ஆண்களைப் பெருவாரியாக வளர்த்து விட்டால் என்ன?" என்று சிந்தித்தார். கேட்டவர் பலர் நகைத்தனர். முல்லரின் ஆராய்ச்சி அதற்கு வழி காட்டிற்று. 1954-இல் கரீபியக் கடலின் குராசோ தீவில் செய்து பார்த்தபோது, சில மாதங்களில் அந்த ஈ அங்கே அற்றுப்போயிற்று.

இதன் கணக்கை விளக்குகிறேன். ஒரு தோப்பில் 100 பெண்களும் 100 ஆண்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 900 மலட்டு ஆண்களை விடுகிறோம். இப்போது ஆயிரம் ஆண்களில் பத்தில் ஒன்றே நல்லது. ஆகவே நூறு பெண்களில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கே மக்கட்பேறு. அடுத்த தலைமுறையிலும் அதே 900 மலட்டு ஆண்களை விட்டால் பகையின் தொகை இன்னும் வேகமாகச் சரியும். நஞ்சின் வேலை பகை குறையக் குறையக் கடினமாகும். மலட்டு ஈயின் வேலையோ பகை குறையக் குறைய எளிதாகும். ஒளிந்திருக்கும் கடைசிப் பெண்ணையும் அது தானாகவே தேடிச் செல்லும் அல்லவா!

பாகற்காய்க்காக ஒரு போர்

இம்முறையின் மாபெரும் வெற்றி ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவுகளில் கிட்டியது. அத்தீவு மக்களின் அன்றாட உணவு என்ன தெரியுமா? நம் பாகற்காய்தான். 'கோயா' என்று அழைத்து, முட்டையோடும் சோயாக் கட்டியோடும் வதக்கி உண்கின்றனர். அங்கே பாகல் ஈ 1919-இல் யாயெயாமா தீவுகளில் முதன்முதலாகக் காணப்பட்டது. 1929-இல் மியாக்கோவுக்கும், 1970-இல் குமே தீவுக்கும், 1972-இல் ஒக்கினாவாப் பெருந்தீவுக்கும் பரவியது. அதே 1972-ஆம் ஆண்டுதான் ஒக்கினாவா அமெரிக்க ஆட்சியிலிருந்து ஜப்பானிடம் திரும்பியது. தாய்நாட்டுடன் இணைந்தும் என்ன பயன்? புழு பரவும் என்ற அச்சத்தால், ஒக்கினாவாவின் பாகற்காய் ஜப்பானின் ஏனைய பகுதிகளுக்குப் போகக் கூடாது என்று சட்டம் தடுத்தது. சொந்த நாட்டுச் சந்தையிலேயே தம் விளைபொருளை விற்க இயலாத அவலம் அத்தீவு உழவருக்கு!

யோசியாக்கி இட்டோ என்ற அறிஞரின் தலைமையில் ஆராய்ச்சியாளர்கள் களமிறங்கினர். முதலில் குமே என்ற சிறு தீவைத் தேர்ந்தனர். பகை மிகுந்திருக்கும்போது மலட்டு ஈயை விடுவது வீண் செலவு என்பதால், முதலில் பொறிகளால் தொகையைக் குறைத்தனர். பிறகு, செயற்கை உணவில் வளர்த்த கூட்டுப்புழுக்களைக் கோபால்ட்-60 காமாக் கதிரில் காட்டி மலடாக்கி, 1975 முதல் விடுத்தனர். 1978-இல் குமே தீவு பாகல் ஈ அற்ற நிலமென்று அறிவிக்கப்பட்டது.

பின்னர் பெரிய தொழிற்சாலை எழுந்தது. ஈயை ஒழிப்பதற்காக ஈயை வளர்க்கும் தொழிற்சாலை! வளர்த்த ஈக்களுக்கு ஒளிரும் வண்ணப்பொடி பூசினர். பொறியில் சிக்கும் ஈ காட்டு ஈயா, தாங்கள் விட்ட ஈயா என்று பிரித்தறிவதற்காக இந்த ஏற்பாடு. குளிரூட்டி மயங்கச் செய்து, ஹெலிகாப்டரிலிருந்து தூவினர். தொழிற்சாலையில் சுகமாக வளர்ந்த ஆண், காட்டு ஆணுக்கு ஈடுகொடுக்குமா என்று ஓயாமல் சோதித்தனர். சோம்பேறி ஈக்களைக் கோடிக்கணக்கில் விட்டு என்ன பயன்? மியாக்கோ 1987-இலும், பெருந்தீவு 1990-இலும், யாயெயாமா 1993-இலும் விடுதலை பெற்றன. இருபது ஆண்டுகளில் விடப்பட்ட மலட்டு ஈக்களின் எண்ணிக்கை 5,000 கோடிக்கும் அதிகம். அதே தீவுக்கூட்டத்தில் கீழ்த்திசைப் பழ ஈயை மெத்தில் யூஜினால் அட்டைகளைக் கொண்டே 1986-க்குள் ஒழித்திருந்தனர். கோயா ஜப்பான் முழுவதும் பயணம் செய்தது.

ஆயினும் ஒக்கினாவா மக்கள் கதவைத் தாழிட்டுவிட்டு உறங்கவில்லை. தெற்கிலிருந்து ஈ மீண்டும் வரக்கூடும் என்பதால் மலட்டு ஈக்களை விடுவதைத் தொடர்ந்தனர். அந்த அச்சம் வீணன்று. 2024-இல் பாகல் ஈயின் நெருங்கிய உறவான வேறோர் இனம் ஒக்கினாவாவில் காணப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே அவசரத் தடுப்பு நடவடிக்கை எடுக்க நேர்ந்தது.

பெட்டிக்குள் ஒரு பயணி

பழ ஈ தன் சிறகால் செல்லும் தூரம் சிறிது. மனிதரின் பெட்டியில் செல்லும் தூரம் பெரிது. 2003-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யாவில் புதியதொரு பழ ஈ பிடிபட்டது. அதன் தாயகம் ஆசியா என்று அறிந்தனர். 'படையெடுத்து வருவது' என்ற பொருளில் 2005-இல் அதற்குத் தனிப் பெயரே சூட்டினர். சில ஆண்டுகளில் அது சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகள் பலவற்றில் பரவி மாம்பழ ஏற்றுமதியைக் குலைத்தது. உடலமைப்பு, மரபணு, வாசனை, கலப்பு ஆகிய அனைத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், அது நம் பழைய கீழ்த்திசைப் பழ ஈயே என்று 2015-இல் தீர்ப்பளித்தனர்.

இந்தியாவும் இதனால் இழந்தது கொஞ்சமன்று. பழ ஈக்கு அஞ்சி ஜப்பான் நம் மாம்பழத்துக்கு 1986-இல் அடைத்த கதவை 2006-இல்தான் திறந்தது. பழத்தின் உட்சதையை ஆவியால் 47.5 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கா 2007-இல் அனுமதித்தது. அங்கே செல்லும் பழங்கள் மகாராஷ்டிரத்தின் லாசல்காவோன் போன்ற நிலையங்களில் காமாக் கதிரில் காட்டப்பட்டன. இதனால் பழம் கதிரியக்கம் பெறாது. உள்ளே முட்டையோ புழுவோ இருந்தால் அது ஈயாக மாட்டாது. 2013-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற நம் காய்கனிச் சரக்குகளில் 207-இல் பழ ஈ முதலிய பூச்சிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதனால் 2014 மே மாதம் முதல் மாம்பழம், பாகல், புடல், கத்தரி, சேம்பு ஆகியவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. மாம்பழத்தின் மீதான தடை 2015-இன் தொடக்கத்தில் நீங்கியது. அதற்குள் ஒரு பருவத்தின் வருவாய் போயிற்று. ஒரு பெட்டியில் ஒரு பழத்தில் ஒரு புழு! அதற்காக, தன் தோப்பைத் துப்புரவாக வைத்திருந்த உழவரும் அல்லவா தண்டனை பெற்றார்?

கடல் கடந்து வாழும் உறவினர்களைக் காணச் செல்லும் வாசகர்களே! "பிள்ளை ஆசையாகச் சாப்பிடுவான்" என்று பெட்டிக்குள் துணி சுற்றி நான்கு மாம்பழமும் கொய்யாவும் மறைத்து எடுத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. விமான நிலையத்தில் அதனைப் பிடுங்கிக் குப்பையில் போடும் அதிகாரியைக் கடிந்துகொள்கிறோம். நம் பகுதியில் வாழும் இன்னொரு பழ ஈயாகிய பாக்ட்ரோசெரா சோனேட்டா, எகிப்திலும் வளைகுடா நாடுகளிலும் காலூன்றிவிட்டது. ஒரு நாட்டு உழவரின் வாழ்வு நம் பெட்டியின் பூட்டுக்குள் இருக்கக்கூடும் என்பதை எண்ணினால், அந்த அதிகாரியின் மீது கோபம் வராது.

நம் கையில் இருப்பது

"ஹெலிகாப்டரும் காமாக் கதிரும் அரசாங்கத்தின் வேலை, எங்களால் என்ன ஆகும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஹவாய்த் தீவுகளில் கண்ட ஓர் எளிய முறையைச் சொல்கிறேன். அங்கே விழுந்த பழங்களைப் பொறுக்கி, நுண்ணிய வலைத் துணியால் அமைந்த சிறு கூடாரத்துக்குள் போடுகின்றனர். பழத்திலிருந்து வரும் ஈ பருமனானது. வலைக்கண்ணில் நுழைய முடியாமல் உள்ளேயே மடியும். ஆனால், பழ ஈயின் முட்டையில் தன் முட்டையை வைத்து அதனை அழிக்கும் சிறு குளவி ஒன்று உண்டு. அது மெலிந்த உடலினது. வலைக்கண் வழியே தப்பி வெளியேறி, தோட்டத்தில் தன் நற்பணியைத் தொடரும். பகையைச் சிறையிட்டு நட்பை விடுதலை செய்யும் இக்கூடாரத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. விழுந்த பழத்தைக் குனிந்து எடுக்கும் மனம் வேண்டும்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை இவை. மரத்தடியில் விழுந்த கனியை அன்றன்றே பொறுக்குங்கள். புழு வைத்த பழத்தைக் குப்பையிலோ கொல்லையிலோ எறியாதீர்கள். இரண்டடிக்குக் குறையாத ஆழத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால், ஈ மண்ணைத் துளைத்து வந்துவிடும். தோண்ட இடமில்லாத நகரத்து வீட்டினர், கிழியாத பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டிச் சில நாள் கடும் வெயிலில் போட்டுவையுங்கள். உள்ளிருக்கும் புழு மடியும். கொய்யாவும் பாகலும் பிஞ்சாக இருக்கும்போதே செய்தித்தாள் உறையோ துணிப்பையோ மாட்டிவிட்டால் ஈயின் ஊசி எட்டாது. மாங்காய் முற்றியதும், மரத்திலேயே பழுக்க விடாமல் பறித்து வைக்கோலில் பழுக்க வையுங்கள். மரத்தடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலிலும் கோழியின் அலகிலும் அழியும்.

கிருஷ்ணகிரி, சேலம், திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் தோப்பு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கண்டவற்றோடு பொறிகளையும் வையுங்கள். ஆனால் தனித்து வைக்காதீர்கள். பக்கத்துத் தோப்புக்காரரிடம் வரப்புத் தகராறு இருந்தாலும், இந்த ஒன்றில் கூடிப் பேசுங்கள். ஊரிலுள்ள எல்லாத் தோப்புகளிலும் ஒரே வாரத்தில் பொறி தொங்கட்டும். குத்தகைக்காரர் அறுவடை முடித்துவிட்டுப் போன பின், விற்பனைக்கு ஆகாதென்று மரத்தடியில் அழுக விடப்படும் பழக்குவியல்தான் அடுத்த பருவத்தின் பகைப்படை. அதை அகற்றுவது யார் பொறுப்பென்று குத்தகை பேசும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்பு வாசகர்களே! பூசாவின் கைக்குட்டை முதல் ஒக்கினாவாவின் தொழிற்சாலை வரை, அறிவு தந்த வழிகள் பலவாயினும் அவை வென்ற இடங்களிலெல்லாம் ஒரு பொது நியதி இருந்தது. ஒரு தீவிலே ஒரு தோட்டம்கூட விடுபடவில்லை. வசதியுள்ளவர் தோட்டம், ஏழையின் கொல்லை, ஆளற்ற காடு எல்லாம் ஒன்றாகவே கணக்கில் கொள்ளப்பட்டன. ஒரே ஒரு கொல்லை விடுபட்டிருந்தாலும் 5,000 கோடி ஈக்களும் வீணாகியிருக்கும்.

மாம்பழக் காலம் வரும்போது, புழு வைத்த ஒரு பழம் உங்கள் கைக்கும் வரலாம். அதை வீசி எறிய ஓங்கிய கை ஒரு கணம் நிற்கட்டும். வேலிக்கு அப்பால் ஒரு பாகற்கொடி பூத்திருக்கிறது. அதன் காயை விற்றுத்தான் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்க வேண்டியிருக்கலாம். மண்வெட்டியை எடுங்கள். இரண்டடி ஆழம் போதும்.